காய்ந்த சாணம் வேற, மக்கிய எரு வேற! குவியலுக்குள்ள 60 டிகிரி சூடு எதுக்கு? முழு விளக்கம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான உச்சபட்ச வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸ். 2003 மே 31-ம் தேதி அடித்த வெயில் அது. ஆனால் ஒழுங்காகக் குவித்து வைத்த ஒரு மாட்டுச் சாணக் குவியலின் நடுவில், அதைவிட 10, 15 டிகிரி கூடுதல் சூடு சர்வசாதாரணமாக இருக்கும். ராத்திரியிலும் இருக்கும், ஐப்பசி மழையிலும் இருக்கும்.

அந்தச் சூடு வந்ததா, எத்தனை நாள் நின்றது, பிறகு எப்படி இறங்கியது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால்தான், அந்த எரு மக்கிவிட்டதா இல்லையா என்று சொல்ல முடியும். கறுப்பாக இருக்கிறது, காய்ந்து பொடியாக உதிர்கிறது என்பதை மட்டும் நம்பி மூட்டையை வாங்கிவந்து தொட்டியில் கொட்டினால், வாரக் கடைசிக்குள் செடி கருகிப்போக வாய்ப்பு உண்டு.

பட்டாபிராமில் இது ஏன் முக்கியம்?

ஆவடி மாநகராட்சிக்குள் வரும் பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. ஐ.டி. வேலைக்கு ஆட்கள் வருகிறார்கள், அடுக்குமாடிகள் எழும்புகின்றன. அதே நேரம் பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் பக்கம் வீட்டோடு மாடு வைத்துப் பால் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் சாணத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாத மாட்டுக்காரர்கள். இன்னொரு பக்கம் மாடித் தோட்டத்துக்கு நல்ல எரு எங்கே கிடைக்கும் என்று தேடும் புதுக் குடித்தனக்காரர்கள்.

ஒரு கறவை மாடு சராசரியாக நாளைக்கு 10 முதல் 15 கிலோ சாணம் போடும். இரண்டு மாடு என்றால் மாதத்துக்கு 600 கிலோவைத் தாண்டும். இதைச் சரியாக மக்க வைத்தால் காசு. வெறுமனே கொட்டி வைத்தால் ஈ, நாற்றம், பக்கத்து வீட்டுச் சண்டை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது வெப்பநிலைதான்.

எரு ஏன் தானாகச் சூடாகிறது?

சாணத்தில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மாடு செரித்தது போக மிச்சம் இருக்கும் சர்க்கரை, புரதம், நார் எல்லாம் அவற்றுக்குச் சாப்பாடு. காற்றில் இருக்கும் ஆக்சிஜனை வைத்து அவை அந்தச் சாப்பாட்டை உடைக்கும்போது வெப்பம் வெளியாகிறது. ஓடினால் நம் உடம்பு சூடாவது மாதிரிதான்.

சாணத்தைத் தரையில் மெல்லிசாகப் பரப்பி வைத்தால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். உயரமாகக் குவித்தால் போகாது. வெளிப்புறச் சாணமே உள்ளே இருப்பதற்குப் போர்வை ஆகிவிடும். அதனால்தான் குவியலின் மேல்பக்கம் சில்லென்று இருந்தாலும், ஒரு முழம் உள்ளே கை வைத்தால் சுடும்.

ஆக, இந்தச் சூட்டுக்கு நான்கு விஷயம் வேண்டும். போதுமான அளவுள்ள குவியல், ஈரம், காற்று, நுண்ணுயிர்களுக்குச் சரிவிகிதச் சாப்பாடு. இதில் எது குறைந்தாலும் சூடு ஏறாது, அல்லது ஏறியது சீக்கிரமே இறங்கிவிடும்.

இந்தூரில் எழுதிய கணக்கு

எருக்குழி நம் ஊர் கிராமங்களுக்குப் புதுசு இல்லை. ஆனால் அதைத் தெர்மாமீட்டர் வைத்து அளந்து, நாள் கணக்கு எழுதிய ஒரு முக்கியமான வேலை இந்தியாவில்தான் நடந்தது. 1924 முதல் 1931 வரை மத்திய இந்தியாவின் இந்தூரில் இருந்த தாவரத் தொழில் ஆய்வு நிலையத்தில், ஆல்பர்ட் ஹோவர்டும் அவருடன் பணியாற்றிய யஷ்வந்த் வாடும் செய்த வேலை அது. இருவரும் சேர்ந்து 1931-ல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க இன்றைக்கும் ‘இந்தூர் முறை’ என்று சொல்வது இதைத்தான்.

பயிர்க்கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், கொஞ்சம் சாம்பல், தண்ணீர். இவ்வளவுதான் பொருட்கள். தொடக்கத்திலேயே சுமார் 65 டிகிரிக்கு ஏறும் சூடு, மெதுவாக இறங்கி 90 நாள் முடிவில் 30 டிகிரி பக்கம் வந்து நிற்கும் என்பது ஹோவர்டு எழுதி வைத்த கணக்கு. நடுவில் இரண்டு, மூன்று வாரத்தில் ஒருமுறையும், சுமார் ஐந்து வாரத்தில் இன்னொரு முறையும் குவியலைப் புரட்ட வேண்டும்.

இதற்கு நேர்மாறானது ‘பெங்களூரு முறை’. 1939-ல் சி.என். ஆச்சார்யா உருவாக்கியது. குழியை அடுக்கடுக்காக நிரப்பி, மேலே மண்ணால் பூசி மூடிவிட வேண்டும். புரட்டும் வேலையே இல்லை. ஆனால் உள்ளே காற்று தீர்ந்ததும் சூடும் வேகமும் குறைந்துவிடும். எரு கைக்கு வர 6 முதல் 8 மாதம் ஆகும். அதாவது சூடும் காற்றும் கிடைத்தால் 3 மாதம், இல்லாவிட்டால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

நான்கு கட்டமாக நடக்கும் வேலை

முதல் கட்டம், சூடேறுவது. குவித்த முதல் இரண்டு, மூன்று நாளில் சாதாரண சூட்டில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரை மாதிரி சுலபமானதைத் தின்று தீர்க்கும். வெப்பநிலை மடமடவென்று 40 டிகிரியைத் தொடும். சென்னை மாதிரி ஊரில் வெளிக்காற்றே 28, 30 டிகிரி இருப்பதால் இந்தக் கட்டம் சீக்கிரமே முடிந்துவிடும். குளிர் நாடுகளில் இதற்கே காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் கட்டம், கொதிநிலை மாதிரியான காலம். 45 டிகிரியைத் தாண்டியதும் முதல் செட் நுண்ணுயிர்கள் தாக்குப்பிடிக்காது. சூட்டை விரும்பும் வேறு ஒரு கூட்டம் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். 55 முதல் 60 டிகிரிக்குள் சிதைவு மிக வேகமாக நடக்கும். புரட்டிக்கொண்டே இருந்தால் இந்தச் சூடு சில வாரங்கள் நிற்கும்.

மூன்றாம் கட்டம், ஆறுவது. சுலபமான சாப்பாடு தீர்ந்ததும் சூடு தானாகக் குறைந்து 40 டிகிரிக்குக் கீழே வரும்.

நான்காம் கட்டம், முதிர்வது. ஒன்றிரண்டு மாதம், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். பலர் தவறவிடுவது இதைத்தான். ‘அதான் ஆறிடுச்சே’ என்று மூன்றாவது கட்டத்திலேயே மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

சூடு என்னென்னவற்றைக் கொல்லும்?

சாணத்தோடு வருவது சத்து மட்டும் இல்லை. சால்மொனெல்லா, ஈ.கோலை மாதிரி வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள், குடற்புழு முட்டைகள், மாடு தின்ற புல்லின் களை விதைகள், ஈயின் முட்டையும் புழுவும் எல்லாம் சேர்ந்தே வரும்.

55 டிகிரி சூடு சில நாள் தொடர்ந்தால் இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை அழிந்துவிடும். களை விதைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும், 60 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலானவை முளைக்காது. எரு போட்ட தொட்டியில் திடீரென்று அருகும் கோரையும் முளைத்தால், அந்தக் குவியல் சரியாகச் சூடேறவில்லை என்பது முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஆர்கானிக் விவசாய விதிகள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. திறந்தவெளியில் நீளமாகக் குவித்த சாண எரு, 55 முதல் 77 டிகிரிக்குள் 15 நாள் இருக்க வேண்டும். அந்த 15 நாளில் குறைந்தது 5 முறை புரட்ட வேண்டும். மூடிய கலன் அல்லது அடியில் காற்று செலுத்தும் குவியல் என்றால் 3 நாள் போதும்.

ஏன் 5 முறை புரட்டச் சொல்கிறார்கள்? குவியலின் நடுதான் 60 டிகிரி. ஓரம் வெறும் 35 டிகிரியாக இருக்கும். ஓரத்தில் இருப்பதை உள்ளே தள்ளாமல் விட்டால், அங்கே ஒதுங்கிய கிருமியும் புழுவும் அப்படியே பிழைத்துக்கொள்ளும்.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு தலைவலி. தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது எருக்குழியில்தான். வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் அதன் குண்டுப் புழுக்கள், ஆறிப்போன, புரட்டாத குவியலில் மாதக்கணக்கில் வளரும். குவியலைப் புரட்டினால் சூட்டில் சாகும், அல்லது கோழியும் காக்கையும் பொறுக்கித் தின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சூடு எல்லாவற்றையும் கொல்லாது. டெட்டனஸ் உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இந்தச் சூட்டைத் தாங்கிவிடும். அதனால் எவ்வளவு நல்ல எருவானாலும் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். காயம் இருந்தால் கண்டிப்பாக.

அப்போ சூடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா?

இல்லை. 65, 70 டிகிரியைத் தாண்டினால் சூட்டை விரும்பும் நுண்ணுயிர்களே சாக ஆரம்பிக்கும். வேலைக்காரர்கள் போய்விட்டால் வேலை நின்றுவிடும்.

இன்னொரு நஷ்டம் நைட்ரஜன். சூடு ஏறும்போது சாணத்தில் இருக்கும் நைட்ரஜன் அம்மோனியா வாயுவாகப் பறக்கும். மூக்கில் சுள்ளென்று ஏறும் நெடி அதுதான். அந்த நெடி வீசும் ஒவ்வொரு நாளும், செடிக்குப் போக வேண்டிய சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம்.

கோழி எருவில் இந்தப் பிரச்சினை அதிகம். அதில் நைட்ரஜன் ரொம்ப ஜாஸ்தி. கார்பனும் நைட்ரஜனும் 10-க்கு 1 என்ற அளவில் இருக்கும். நுண்ணுயிர்களுக்குத் தேவையோ 25 முதல் 30-க்கு 1. மாட்டுச் சாணம் 20, 25 என்று ஓரளவு பக்கத்தில் வந்துவிடும். அதனால் கோழி எருவோடு வைக்கோல், காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு மாதிரி கார்பன் அதிகமுள்ள பொருளைத் தாராளமாகக் கலக்க வேண்டும். மாட்டுச் சாணத்துக்கும் கொஞ்சம் கலந்தால் நல்லது, முக்கியமாக உள்ளே காற்றுப் போக வழி கிடைக்கும்.

ஆட்டுப் புழுக்கையில் வேறு சிக்கல். மேலே ஓடு மாதிரி காய்ந்துவிடுவதால் உள்ளே ஈரம் இறங்காது. ஊறவைத்து, மிதித்து உடைத்துப் போட்டால்தான் சீராகச் சூடேறும்.

ஆறிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது?

சூடான கட்டத்தில் நுண்ணுயிர்கள் சுலபமானதைத் தின்றுவிட்டன. மிச்சம் இருப்பது வைக்கோல் நார், லிக்னின் மாதிரி கெட்டியான சமாச்சாரம். இதை உடைப்பதில் பூஞ்சைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரும்பாலான பூஞ்சைகள் 60 டிகிரியில் தாக்குப்பிடிக்காது. சூடு இறங்கிய பிறகுதான் ஓரத்திலிருந்து உள்ளே பரவும்.

அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவும் அப்படித்தான். 40 டிகிரிக்கு மேலே அவை சரியாக வேலை செய்யாது. வேரைச் சுடும் அம்மோனியா, செடி சுலபமாக எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாக மாறுவது இந்த ஆறிய காலத்தில்தான்.

சுருக்கமாகச் சொன்னால், சூடு எருவைச் சுத்தம் செய்கிறது, சூடு இறங்கிய பிறகு எரு பக்குவப்படுகிறது. இரண்டில் ஒன்றைத் தாண்டிக் குதித்தாலும் அது முழுமையான எரு இல்லை.

பக்குவமாகாத எரு செடியை என்ன செய்யும்?

வேர் சுவாசிக்க வேண்டிய ஆக்சிஜனை, இன்னும் சிதைந்துகொண்டிருக்கும் எரு பிடுங்கிக்கொள்ளும். அம்மோனியாவும் கரிம அமிலங்களும் இளம் வேரைக் கருக்கும். வைக்கோல் அதிகம் கலந்த அரைகுறை எருவாக இருந்தால், நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் நைட்ரஜனையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். உரம் போட்டும் இலை மஞ்சளாவதற்கு இது ஒரு காரணம்.

செடி போனால் இன்னொன்று வாங்கலாம். கீரை விஷயம் அப்படி இல்லை. பச்சைச் சாணம் போட்டால், மண்ணைத் தொட்டு வளரும் பயிரை 120 நாள் கழித்துத்தான் அறுக்க வேண்டும் என்கிறது அதே அமெரிக்க ஆர்கானிக் விதி. நம் ஊரில் முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்து ஒரு மாதத்துக்குள் குழம்புக்கு வந்துவிடும். அதனால் கீரைத் தொட்டிக்குப் பச்சைச் சாணமும் அரைகுறை எருவும் வேண்டவே வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் இதில் கூடுதல் கவனம் தேவை.

ஆறிப்போன குவியல் எல்லாம் மக்கிய குவியல் இல்லை

இதுதான் பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம். ஒரு குவியல் சில்லென்று ஆவதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன.

* காய்ந்து போயிருக்கலாம். ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே போனாலே நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். வெயிலில் காய்ந்து பொடியான சாணத்தில் சிதைவு முடியவில்லை, பாதியில் நின்றிருக்கிறது. வறட்டி வருஷக்கணக்கில் கெடாமல் இருப்பதும் இதனால்தான். அந்தப் பொடியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் நின்ற இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும், இந்த முறை உங்கள் செடியின் வேரைச் சுற்றி.
* தண்ணீர் தேங்கி, காற்றுப் போக வழியில்லாமல் இருக்கலாம். அப்போது முட்டை அழுகிய வாடை வரும்.
* குவியல் சின்னதாக இருக்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுமார் ஒரு மீட்டர், அதாவது மூன்றடிக்கு மேல் இருந்தால்தான் சூடு உள்ளே தங்கும்.
* உண்மையிலேயே மக்கி முடிந்திருக்கலாம்.

எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குவியலைப் புரட்டி, தேவையான ஈரம் தெளித்து, இரண்டு மூன்று நாள் விடுங்கள். மறுபடி சூடேறினால் வேலை பாக்கி. அளவும் ஈரமும் காற்றும் சரியாக இருந்தும் சூடேறவில்லை என்றால்தான் முடியும் கட்டத்துக்கு வந்திருக்கிறது.

சென்னை வெயிலும் மழையும் என்ன செய்யும்?

வெளியே 38 டிகிரி அடிப்பதால் எரு சீக்கிரம் மக்கிவிடும் என்று நினைப்பது பாதிதான் சரி. உள்ளே ஏறும் 60 டிகிரிக்குக் காரணம் நுண்ணுயிர்கள், வெயில் அல்ல. வெயில் பெரும்பாலும் குவியலின் ஈரத்தைத்தான் உறிஞ்சும். சித்திரை, வைகாசியில் குவியலை நிழலில் வைத்து, புரட்டும்போதெல்லாம் தண்ணீர் தெளிக்க வேண்டும். தென்னை ஓலையோ பழைய சாக்கோ மேலே போட்டால் ஈரம் நிற்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்கு மழையில் பிரச்சினை தலைகீழ். திறந்த குழியில் தண்ணீர் நிறைந்தால் காற்று வெளியேறி, சூடு விழுந்துவிடும். சாணச் சாறு வழிந்து ஓடும். அது கிணற்றுக்கோ போர்வெல் பக்கமோ போனால் தண்ணீரில் நைட்ரேட்டும் கிருமியும் சேரும். அதனால் ஆவடி, பட்டாபிராம் மாதிரி மழைத் தண்ணீர் தேங்கும் பகுதிகளில் மழைக்காலத்துக்குக் குழி வேண்டாம். மேடான இடத்தில் குவியல் போட்டு, தார்ப்பாய் கூரை மாதிரி கட்டி, பக்கவாட்டில் காற்றுப் போக விடுவது நல்லது.

மாடு வைத்திருப்பவர்கள் எப்படிச் செய்யலாம்?

நடைமுறையில் நடக்கும் பெரிய தப்பு, தினமும் ஒரே குவியலின் தலையில் புதுச் சாணத்தைக் கொட்டுவது. அடியில் ஆறு மாத எரு இருக்கும், மேலே இன்று காலைச் சாணம் இருக்கும். வெட்டி எடுக்கும்போது இரண்டும் கலந்துவிடும்.

1. இரண்டு அல்லது மூன்று இடம் ஒதுக்குங்கள். ஒன்று மூன்றடி உயரத்தை எட்டியதும் நிறுத்திவிட்டு, அடுத்ததை ஆரம்பியுங்கள். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு ஒரு குவியல் சேர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.
2. மூன்று கூடை சாணத்துக்கு ஒரு கூடை காய்ந்த இலை, வைக்கோல், மாடு கழித்த தட்டு என்று கலந்து போடுங்கள். பிளாஸ்டிக் கவர் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
3. கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் கசிய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. அதுதான் சரியான ஈரம், ஏறக்குறைய 50 முதல் 60 சதவீதம்.
4. நீளமான தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு இரும்புக் கம்பியை நடுவரை சொருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைத்துப் பிடிக்க முடியாமல் சுட்டால் சூடு சரியாக ஏறியிருக்கிறது. வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் ஈரமோ காற்றோ குறைவு.
5. சூடு ஏறிய முதல் 15 நாளில் மூன்று நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். ஓரத்தில் இருப்பது நடுவுக்குப் போக வேண்டும். அதன் பிறகு வாரம் ஒருமுறை போதும்.
6. புரட்டியும் சூடேறாத நிலை வந்ததும், நிழலில் மூடி குறைந்தது ஒரு மாதம் விட்டுவிடுங்கள். அவசரப்பட வேண்டாம்.

மாடித் தோட்டக்காரர்கள் என்ன செய்யலாம்?

பக்கெட்டிலோ சின்ன டிரம்மிலோ 55 டிகிரி வருவது கஷ்டம். அளவு போதாது. அதனால் அதில் மக்கவே மக்காது என்று இல்லை, மெதுவாக மக்கும். ஆனால் கிருமியும் களை விதையும் சூட்டில் சாகும் என்று நம்ப முடியாது. வீட்டு டிரம்மில் காய்கறிக் கழிவையும் இலையையும் போட்டுக்கொள்ளுங்கள். சாணத்தைப் பெரிய குவியலில் மக்கவைத்து விற்பவரிடம் எருவாக வாங்குவது நல்லது.

வாங்கும்போது ‘காஞ்சதா?’ என்று கேட்காதீர்கள். ‘எத்தனை நாள் குவிச்சு வெச்சீங்க? சூடு வந்துச்சா? எத்தனை தடவை புரட்டினீங்க?’ என்று கேளுங்கள். அக்கறையாகச் செய்தவரிடம் உடனே பதில் வரும்.

மண்புழு உரம் வாங்கினால் தப்பிக்கலாமா? அதிலும் வெப்பநிலை உண்டு. மண்புழு 35 டிகிரிக்கு மேல் தாங்காது. அதனால்தான் சாணத்தை முதலில் சில வாரம் குவித்துச் சூடு அடங்கவிட்டு, பிறகு புழு விடுவார்கள். பச்சைச் சாணத்தில் நேராகப் புழு விட்டால் புழு செத்துப்போகும், அல்லது ஓரத்துக்கு ஓடிவிடும். ஆனால் புழுத் தொட்டியில் 55 டிகிரி வராது என்பதால், முன்கூட்டியே சூடேற்றிய சாணமா என்று இங்கேயும் கேட்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று டெஸ்ட்

பிளாஸ்க் டெஸ்ட்: ஜெர்மனியில் எருவின் முதிர்ச்சியை அளக்க, வெப்பம் வெளியேறாத குடுவையில் ஈர எருவைப் போட்டு, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் முறை உண்டு. அறை வெப்பநிலையைவிட 10 டிகிரிக்குள் ஏறினால் அது முதிர்ந்த எரு. 40 டிகிரிக்கு மேல் ஏறினால் பச்சைச் சரக்கு. வீட்டில் இனி பயன்படுத்தாத, வாயகன்ற பழைய பிளாஸ்க்கில் இதைச் செய்யலாம். எருவைப் பிசுபிசு என்று ஈரமாக்கி, அழுத்தாமல் நிரப்பி, நாலைந்து நாள் தெர்மாமீட்டரால் பாருங்கள். ஆய்வகத் துல்லியம் கிடைக்காது, ஆனால் மோசமான சரக்கைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கவர் டெஸ்ட்: ஈரமான எருவை ஜிப் கவரில் காற்றில்லாமல் மூடி, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். திறக்கும்போது மழைக்குப் பிந்தைய மண் வாசனை வந்தால் சரி. சாண நாற்றமோ, அம்மோனியா நெடியோ, புளித்த வாடையோ வந்தால் இன்னும் நாள் இருக்கிறது.

வெந்தய டெஸ்ட்: ஒரு தட்டில் வெறும் மண், இன்னொன்றில் பாதி மண் பாதி எரு. இரண்டிலும் 20 வெந்தயம் தூவுங்கள். ஒரு வாரத்தில் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி முளைத்து, வேர் வெள்ளையாக இருந்தால் எருவை நம்பலாம். எருத் தட்டில் மட்டும் முளை குறைவு, வேர் நுனி கருப்பு என்றால் வேண்டாம்.

கடையில் விற்கும் நகரக் கழிவு உரத்துக்கு 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையிலும் இதே மாதிரி அளவுகோல்கள் இருக்கின்றன. கரும்பழுப்பு முதல் கறுப்பு வரை நிறம், கெட்ட வாடை இல்லாமை, 15 முதல் 25 சதவீத ஈரம், கார்பன் நைட்ரஜன் விகிதம் 20-க்குக் கீழ் என்று அது சொல்கிறது. மக்காத சரக்கில் இந்த விகிதம் பொதுவாக அதிகமாக இருக்கும். ஆனால் கோழி எரு பச்சையாக இருக்கும்போதே 10 என்பதால், இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து அது மக்கிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

ஏற்கெனவே அரைகுறை எரு வாங்கிட்டோமே, என்ன பண்றது?

தூக்கிப் போட வேண்டாம். செடிகளிடமிருந்து தள்ளி, நிழலில் குவித்து, காய்ந்த இலையோடு கலந்து, ஈரம் தெளித்து, சாக்கால் மூடுங்கள். வாரம் ஒருமுறை புரட்டுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வெந்தய டெஸ்ட்டில் பாஸ் ஆகிவிடும். ஆனால் சின்னக் குவியலில் கிருமி அழியும் அளவுக்குச் சூடு வந்திருக்காது. அதனால் அதைப் பூச்செடிக்கும் முருங்கை, எலுமிச்சை மாதிரி மரங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கீரைக்கும், பச்சையாகக் கடித்துச் சாப்பிடும் வெள்ளரி, முள்ளங்கி, கேரட்டுக்கும் தவிர்த்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் கேட்கவும் இடம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இயங்குகிறது. மாடு, ஆடு, கோழி வளர்ப்போருக்கு மாதவரத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

மழைக்காலம் தொடங்கும் முன்பே குவியல் சூடேறி முடிந்திருந்தால் நல்லது. ஆடிப் பட்டம் முடிந்த கையோடு ஆவணியில் குவித்தால், 15 நாள் சூடு வாங்கி, புரட்டாசிக்குள் பெரிய வேலை முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைக்கு அடியில் அது மெதுவாக முதிரட்டும். தை மாதத்துத் தொட்டிகளுக்கு எரு தயாராக இருக்கும்.